கண்மாய்களுக்கு நடுவே ‘பக்கத்தில்’, ‘கிழக்கே’, ‘மேலே’: ஜிஐஎஸ்ஸில் எந்த உறவை எப்படிக் கேட்பது?

கண்மாய்_வரைபடம்

எல்லோருக்கும் வணக்கம். மானாமதுரைக்குத் தென்கிழக்கே இருக்கும் கண்மாய்களைச் செயற்கைக்கோள் படத்தை வைத்துப் பலகோணங்களாக வரைந்து வருகிறோம். கல்லூரித் தோழிகள் சிலர் சேர்ந்து செய்யும் வேலை. வரைவது ஓரளவு முடிந்துவிட்டது. அடுத்து ஒவ்வொரு கண்மாய்க்கும் இரண்டு விவரம் வேண்டும்: தண்ணீர் எந்தக் கண்மாயிலிருந்து இதற்கு வருகிறது, இது நிறைந்தால் எதற்குப் போகிறது.

ஜிஐஎஸ் என்னும் கணினி நிலப்பட வேலைக்கான போஸ்ட்ஜிஐஎஸ் மென்பொருளில் முதலில், இரண்டு உருவங்கள் தொடுகின்றனவா என்று கேட்கும் எஸ்டி_டச்சஸ் சார்பைக் கொடுத்துப் பார்த்தோம். கிட்டத்தட்ட ஒன்றுமே வரவில்லை. பிறகு ஒவ்வொன்றுக்கும் மிக அருகில் உள்ள கண்மாயை எடுத்து, இரண்டின் மையப்புள்ளிகளுக்கு நடுவே திசைக்கோணம் கணக்கிட்டோம். கிழக்கிலோ தென்கிழக்கிலோ இருந்தால் அது கீழ்க் கண்மாய் என்று வைத்தோம். ஊரில் பெரியவர்களிடம் காட்டினால், பல இடங்களில் “அந்தக் கண்மாய்த் தண்ணி இங்க வராதேம்மா” என்கிறார்கள். நில உயரங்களைக் கட்டம் கட்டமாகத் தரும் உயர மாதிரியை வைத்து நீரோட்டத் திசையும் எடுத்துப் பார்த்தோம். கண்மாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது.

எந்த முறையைப் பிடிப்பது? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

வடதிசை

நல்ல வேலை, தொடர்ந்து செய்யுங்கள். நீங்கள் மூன்று வெவ்வேறு கேள்விகளை ஒரே கேள்வியாக நினைத்துக் கேட்கிறீர்கள். அதை முதலில் பிரித்தால்தான் மற்றது புரியும்.

‘பக்கத்தில் இருக்கிறதா, தொட்டுக்கொண்டிருக்கிறதா’ என்பது இடத்தொடர்புக் கேள்வி. ‘கிழக்கே இருக்கிறதா’ என்பது திசைக் கேள்வி. ‘இதன் தண்ணீர் அதற்குப் போகிறதா’ என்பது இரண்டும் இல்லை. அது இணைப்புக் கேள்வி. முதல் இரண்டுக்கும் பலகோணங்களின் வடிவத்தை வைத்தே கணினி பதில் சொல்லிவிடும். மூன்றாவதற்கான பதில் பலகோணத்துக்குள் இல்லை, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலில் இருக்கிறது. அதை நீங்கள் வரைந்தால் ஒழிய எந்தச் சார்பும் கண்டுபிடித்துத் தராது.

இனி ஒவ்வொன்றாக வருகிறேன்.

எஸ்டி_டச்சஸ் ஏன் ஒன்றும் தரவில்லை? 1990களின் தொடக்கத்தில் எகன்ஹோஃபர் என்ற ஆய்வாளரும் உடன் வேலை செய்தவர்களும் ஒரு எளிய அடிப்படையை வைத்தார்கள். எந்த உருவத்துக்கும் உள்பகுதி, எல்லை, வெளிப்பகுதி என மூன்று உண்டு. ஒன்றின் மூன்றை மற்றொன்றின் மூன்றோடு வெட்டிப் பார்த்தால் ஒன்பது விடை. ஒவ்வொரு கட்டத்திலும் ஏதாவது இருக்கிறது, அல்லது காலி. கணக்குப்படி 512 சேர்க்கைகள் வரலாம். ஆனால் ஓட்டை இல்லாத இரண்டு சாதாரணப் பலகோணங்களுக்கு நடுவே நிஜத்தில் வரக்கூடியவை எட்டுதான்: விலகியிருப்பது, தொடுவது, மேற்படிவது, சமமாக இருப்பது, உள்ளே இருப்பது, உள்ளடக்குவது, எல்லையைத் தொட்டபடி உள்ளே இருப்பது, எல்லையைத் தொட்டபடி உள்ளடக்குவது. 1993இல் கிளெமென்டினி, டி ஃபெலிச்சே, வான் ஊஸ்டரோம் மூவரும், வெட்டும் இடம் புள்ளியா கோடா பரப்பா என்ற பரிமாணத்தையும் இதில் சேர்த்தார்கள். போஸ்ட்ஜிஐஎஸ், க்யூஜிஐஎஸ் போன்ற மென்பொருள்கள் எல்லாம் இன்றைக்கும் இந்த அடித்தளத்தில்தான் நிற்கின்றன.

இதன்படி ‘தொடுகிறது’ என்றால் எல்லைகள் சந்திக்க வேண்டும், உள்பகுதிகள் துளிகூடச் சந்திக்கக் கூடாது. கையால் வரைந்த இரண்டு பலகோணங்களில் இது நடப்பது அபூர்வம். ஒன்று நடுவில் மயிரிழை இடைவெளி விழும், இல்லையென்றால் மயிரிழை மேற்படிந்துவிடும். கணினிக்கு அந்த மயிரிழையும் உண்மைதான். அதைவிட முக்கியம், உங்கள் பகுதிக் கண்மாய்கள் நிலத்திலேயே ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் வயல் இருக்கிறது. ஆக, காலியாக வந்த விடை சரியான விடை.

அருகில் இருப்பவை வேண்டுமென்றால் குறித்த தூரத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் எஸ்டி_டிவிதின் போட்டுத் தூரம் கொடுங்கள், அது இடக் குறியீட்டு அட்டவணையையும் பயன்படுத்திக்கொள்ளும். தரவு இபிஎஸ்ஜி 4326இல் (அகலாங்கு நெடுங்கோட்டு முறை) ஜியாமெட்ரி (தட்டைத்தளக் கணக்கு) வகையாக இருந்தால் அந்தத் தூரத்தின் அலகு டிகிரி என்பதை மறந்துவிடாதீர்கள். 500 என்று கொடுத்தால் 500 டிகிரி, உலகமே வந்து நிற்கும். மீட்டரில் வேண்டுமானால் உங்கள் பகுதிக்கு 32644க்கு (யூடிஎம் என்ற மீட்டர் அளவு முறையின் 44ஆம் மண்டலம்) மாற்றுங்கள், அல்லது ஜியாகிரஃபி (கோளப் பரப்புக் கணக்கு) வகையில் வையுங்கள்.

இன்னொன்று. ‘மிக அருகில் உள்ளது’ என்பது இருவழி உறவு இல்லை. அ-வுக்கு மிக அருகில் ஆ இருக்கும், ஆ-வுக்கு மிக அருகில் இ இருக்கும். அதை வைத்துத் தொடர் கட்டினால் பாதியில் அறுந்துவிடும்.

ஆயக்கட்டு

பாசனப் பொறியியலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கணினிப் பக்கம் வடதிசை சொன்னது சரி. நான் நிலத்தின் பக்கம் சொல்கிறேன்.

ஒரு கண்மாயின் கரை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள் அம்மா. மூன்று பக்கம் நிலமே உயர்ந்து நிற்கும், அங்கே கரை தேவையில்லை. தாழ்ந்த பக்கத்தில்தான் மண்ணைக் கொட்டிக் கரை போட்டிருப்பார்கள், பிறை போல வளைந்திருக்கும். அந்தக் கரையில்தான் மடைகள், அவற்றுக்குக் கீழே அந்தத் தண்ணீரில் விளையும் ஆயக்கட்டு வயல்கள். கரையின் ஏதாவது ஒரு கோடியில், சில இடங்களில் இரண்டு கோடியிலும், கலுங்கு இருக்கும். கண்மாய் நிறைந்தால் உபரி நீர் கலுங்கு வழியாக இறங்கி வாய்க்காலில் ஓடி அடுத்த கண்மாய்க்குப் போகும்.

ஆகவே நீர் கரை பார்க்கும் திசைக்கு நேராகப் போகும் என்று நினைக்க வேண்டாம். கரை கிழக்கே பார்க்கும், கலுங்கு வடகோடியில் இருக்கும், அங்கிருந்து வாய்க்கால் வடகிழக்கே போய் வேறொரு கண்மாயில் சேரும். நேர் கிழக்கே கூப்பிடு தூரத்தில் இருக்கும் கண்மாய்க்கு இந்தத் தண்ணீர் சொட்டுகூடப் போகாது. ஊர்ப் பெரியவர்கள் “வராதேம்மா” என்று சொன்னது இதைத்தான்.

மையப்புள்ளியை விட்டுவிட்டுக் கலுங்கைக் குறியுங்கள்.

கண்மாய்_வரைபடம்

ஐயா, மிக்க நன்றி. கலுங்குகளைப் புள்ளிகளாகக் குறித்து வைத்திருக்கிறோம், ஆனால் தனி அடுக்காக இருக்கிறது. எந்தக் கலுங்கு எந்தக் கண்மாயுடையது என்று சேர்க்க எஸ்டி_கன்டெயின்ஸ் போட்டால் பாதிக்கு மேல் விட்டுப்போகிறது. கரைக்கோட்டில் ஒட்ட வைத்துத்தான் வரைந்தோம்.

வடதிசை

ஒட்ட வைத்ததால்தான் விட்டுப்போகிறது. எஸ்டி_கன்டெயின்ஸ் ‘உள்ளடக்குகிறது’ என்று சொல்ல, உள்பகுதியில் ஏதாவது ஒரு புள்ளியாவது பொதுவாக இருக்க வேண்டும். எல்லைக்கோட்டின் மேல் மட்டும் உட்கார்ந்திருக்கும் புள்ளியை அது ஏற்காது. எஸ்டி_கவர்ஸ் ஏற்கும், எஸ்டி_இன்டர்செக்ட்ஸும் ஏற்கும். கன்டெயின்ஸுக்கும் கவர்ஸுக்கும் உள்ள வேறுபாடு பாடமாகப் படிக்கும்போது சின்ன விஷயமாகத் தெரியும். கலுங்கு, மடை, எல்லைக்கல் போல எல்லையிலேயே வாழும் பொருள்கள் வந்துவிட்டால் அதுதான் முழு விஷயம்.

எஸ்டி_கவர்ஸ் போட்டாலும் சில விடுபடும். இரண்டு முனைகளுக்கு நடுவே ஓடும் கோட்டுத்துண்டின் மேல் ஒரு புள்ளியை ஒட்ட வைத்தால், தசமங்கள் வெட்டப்படுவதால் அது கோட்டுக்கு ஒரு இழை உள்ளேயோ வெளியேயோதான் விழும். அதனால் இந்த வேலைக்கு நான் எப்போதும் எஸ்டி_டிவிதின் போட்டு ஐந்து மீட்டர் சகிப்புத்தூரம் கொடுப்பேன். படத்தைப் பார்த்து வரைந்த தரவின் துல்லியமே அவ்வளவுதான், அதற்கு மேல் கறாராக இருந்து பயன் இல்லை.

ராஸ்டர்_ரசிகை

நீரோட்டத் திசை சுற்றி வருவதற்கு நான் பதில் சொல்கிறேன். எந்த உயர மாதிரி எடுத்தீர்கள்? எஸ்ஆர்டிஎம்தானே? அந்தத் தரவு 2000 பிப்ரவரியில் 11 நாள் விண்வெளி ஓட ரேடாரில் எடுத்தது. உயரங்கள் முழு மீட்டரில் இருக்கும். மதுரை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ நூறு மீட்டர் உயரம், அங்கிருந்து ராமநாதபுரம் கடற்கரை சுமார் நூறு கிலோமீட்டர். அதாவது கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு. ஒரு கட்டம் 30 மீட்டர். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்கு உண்மையில் இருக்க வேண்டிய வேறுபாடு மூன்று சென்டிமீட்டர். தரவில் இருக்கும் பிழையோ பல மீட்டர். அந்தக் கட்டங்களில் திசை கேட்டால் பிழையின் திசைதான் வரும்.

டி8 முறை (ஓ’கல்லகனும் மார்க்கும் 1984இல் எழுதியது) எட்டு அண்டைக் கட்டங்களில் எதற்குச் சரிவு மிக அதிகமோ அதற்கே முழு நீரையும் தள்ளும். மலைச்சரிவில் அருமையாக வேலை செய்யும். கொடைக்கானல் சரிவுக்குப் போட்டால் ஓடைகள் அப்படியே வரும். தட்டையான கண்மாய்ப் பூமிக்கு அது பொருந்தாது. டார்போட்டன் 1997இல் கொடுத்த டி-இன்ஃபினிட்டி, திசையை எட்டுக்குள் அடைக்காமல் தொடர்கோணமாக எடுத்து இரண்டு கட்டங்களுக்கு நீரைப் பிரிக்கும். ஆனால் உயரமே தப்பாக இருந்தால் அதுவும் உதவாது.

உங்கள் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. கண்மாய் உள்வாயில் (நீர் நிற்கும் உட்பகுதியில்) சீமைக் கருவேலம் அடர்ந்து கிடக்கிறது அல்லவா? அந்த ரேடார் அலை மரத்தலை வழியாக முழுசாக இறங்காது. ஆகவே பள்ளமான உள்வாய் மேடாகப் பதிவாகியிருக்கும். அதே நேரத்தில் சில மீட்டர் அகலமே உள்ள கரை, 30 மீட்டர் கட்டத்துக்குள் கரைந்து காணாமல் போயிருக்கும். கண்மாய் என்பதே தலைகீழாகிவிடும்.

கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் மாதிரியை முயன்று பாருங்கள். 2011 முதல் 2015 வரை எடுத்த டான்டெம்-எக்ஸ் தரவிலிருந்து செய்தது, உயரங்கள் தசமத்தில் இருக்கும், கரைகள் ஓரளவு தெரியும். ஆனால் அதுவும் மேற்பரப்பு மாதிரிதான். மரமும் கட்டடமும் அதிலும் சேர்ந்திருக்கும்.

ராஸ்டர்_ரசிகை

சேர்த்துச் சொல்ல ஒன்று விட்டுப்போயிற்று. நீங்கள் நீரோட்டத் திசையைக் கிராஸ் மென்பொருளில் எடுத்து, வேறு மென்பொருளில் வைத்துப் படித்தீர்களா? திசைக் குறியெண்கள் ஒவ்வொரு இடத்திலும் வேறு. ஆர்க்ஜிஐஎஸ்ஸில் கிழக்கு 1, அங்கிருந்து கடிகாரச் சுற்றில் தென்கிழக்கு 2, தெற்கு 4, தென்மேற்கு 8, மேற்கு 16, வடமேற்கு 32, வடக்கு 64, வடகிழக்கு 128. கிராஸில் ஆர்.வாட்டர்ஷெட் கட்டளை கொடுப்பது வடகிழக்கு 1, வடக்கு 2, வடமேற்கு 3 என்று எதிர்ச்சுற்றில் போய்க் கிழக்கு 8இல் முடியும். பகுதிக்கு வெளியே ஓடிவிடும் கட்டங்களுக்கு எதிர்க்குறி. கிராஸில் ‘1’ என்பதை ஆர்க்ஜிஐஎஸ் அட்டவணையில் பார்த்தால் கிழக்கு என்று வரும், ‘2’ தென்கிழக்கு, ‘4’ தெற்கு, ‘8’ தென்மேற்கு. எண்கள் செல்லுபடியானவையாகவே தோன்றும். பிழைச்செய்தி வராது. ஆனால் ஓடை வட்டமடிக்கும்.

சரிவுமுகத் திசையிலும் (சரிவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதிலும்) இதே கதை. ஜிடால் மென்பொருளில் வடக்கு 0, கடிகாரச் சுற்று. கிராஸில் கிழக்கிலிருந்து எதிர்ச்சுற்று, அங்கே 90 என்றால் வடக்கு. சமதளத்துக்கு ஆர்க்ஜிஐஎஸ் -1 கொடுக்கும், ஜிடால் -9999, கிராஸ் 0. அந்த 0வை வடக்கு என்று எண்ணிச் சராசரி எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

யாழ்_நிலப்படம்

நல்ல இழை. நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். திசை உறவு பற்றி எங்கள் பக்கத்து உதாரணம் ஒன்று தரலாம் என்று நினைக்கிறேன், ஏனெனில் பலரும் இதில் இடறுவதைப் பார்க்கிறேன்.

தமிழ்நாட்டின் எல்லைப் பலகோணத்தைச் சுற்றி ஒரு செவ்வகம் போடுங்கள். கிழக்கு விளிம்பு சென்னைக்கு வடக்கே, கிழக்கு நெடுங்கோடு 80.3க்குச் சற்று மேலே போகும். தெற்கு விளிம்பு கன்னியாகுமரி, வட அகலாங்கு 8.1 அளவில். யாழ்ப்பாண நகரம் வட அகலாங்கு 9.66, கிழக்கு நெடுங்கோடு 80.02. எனவே அந்தச் செவ்வகத்துக்குள் யாழ்ப்பாணம் முழுசாக உள்ளே விழும். மன்னாரும் விழும். இணையத்தில் ‘தமிழ்நாட்டுத் தரவு’ என்று சுற்றுச்செவ்வகத்தால் வெட்டி எடுத்த கோப்புகளில் எங்கள் வீதிகள் எத்தனையோ தடவை கிடந்திருக்கின்றன. செவ்வகம் விரைவான முதல் வடிகட்டல் மட்டுமே. அதன் பிறகு உண்மையான பலகோணத்தோடு வெட்டிப் பார்க்கவே வேண்டும்.

திசைக்கு வருவோம். கோயலும் எகன்ஹோஃபரும் வைத்த திசை அணி முறையில், ஒரு பொருளின் சுற்றுச்செவ்வகத்தின் விளிம்புகளை நீட்டி உலகத்தை ஒன்பது கட்டமாக்குவார்கள். நடுக்கட்டம் அந்தச் செவ்வகமே, மற்ற எட்டும் எண்திசை. மற்றப் பொருள் எந்தெந்தக் கட்டங்களில் விழுகிறது என்று குறிப்பார்கள். தமிழ்நாட்டை நடுவில் வைத்தால் இலங்கை கிழக்கிலும் தென்கிழக்கிலும் தெற்கிலும் விழும், நடுக்கட்டத்திலும் விழும். இலங்கையை நடுவில் வைத்தால் தமிழ்நாடு மேற்கிலும் வடமேற்கிலும் வடக்கிலும் விழும், ஆனால் நடுக்கட்டத்தில் விழாது. தனுஷ்கோடி எங்கள் மேற்கு விளிம்புக்கு வெளியே, கோடியக்கரை எங்கள் வடக்கு விளிம்புக்கு மேலே. ஆக, ‘அ-வுக்கு ஆ கிழக்கே என்றால் ஆ-வுக்கு அ மேற்கே’ என்று கண்ணை மூடித் திருப்பிப்போட முடியாது. புள்ளிகளுக்கு அது சரி. பரப்புள்ள பொருள்களுக்குச் சரியில்லை.

இலங்கை கன்னியாகுமரிக்கு நேர் கீழே இருக்கிறது என்று எண்ணுவோர் இன்னும் பலர். கொழும்பு இருக்கும் நெடுங்கோடு 79.86. அது சென்னைக்கு ஏறக்குறைய நேர் தெற்கு. திருகோணமலையின் அகலாங்கு 8.57, கன்னியாகுமரியை விட வடக்கே.

கண்மாய்_வரைபடம்

யாழ் அண்ணா, இது எங்கள் பெரிய கண்மாய்களுக்கு அப்படியே பொருந்துகிறது. பிறை வடிவமாக நீண்டு கிடப்பதற்குள் சிறு கண்மாய் ஒன்று பாதி வளைவில் இருக்கிறது. அதை ‘கிழக்கே’ என்பதா, ‘உள்ளே’ என்பதா என்று குழம்பினோம். பெரியதன் மையப்புள்ளி வேறு பலகோணத்துக்கு வெளியே விழுகிறது.

வடதிசை

பிறை வடிவத்துக்கு மையப்புள்ளி வெளியே விழுவது இயல்பு. பெயர் எழுத, அடையாளப் புள்ளி வைக்க எஸ்டி_பாயின்ட்ஆன்சர்ஃபேஸ் எடுங்கள், அது கட்டாயம் உள்ளே விழும். ஆனால் அதைத் திசை கணக்கிடப் பயன்படுத்த வேண்டாம். அது ‘உள்ளே எங்காவது’ என்ற உறுதியைத் தான் தருகிறது, நடு என்ற உறுதியைத் தருவதில்லை.

பிறைக்குள் இன்னொன்று வரும்போது எந்த ஒற்றைக் கோணமும் பொய் சொல்லும். அந்த நிலைக்குத்தான் கோணப் பரம்பல் முறை வந்தது. மியாஜிமாவும் ராலெஸ்குவும் 1994இல் எழுதியது. ஒன்றின் எல்லாப் புள்ளிகளிலிருந்தும் மற்றதன் எல்லாப் புள்ளிகளுக்கும் கோணம் எடுத்து, எந்தக் கோணம் எத்தனை தடவை வருகிறது என்று வரைவார்கள். ஒற்றைக் குன்றாக வந்தால் திசை தெளிவு. பரந்து கிடந்தால் ‘கிழக்கே’ என்ற சொல்லே அந்த ஜோடிக்குப் பொருந்தாது என்று அர்த்தம். செலவான கணக்கு, ஆனால் இரண்டு பலகோணத்துக்குள்ளும் சில நூறு புள்ளிகள் தூவி எளிதாகச் செய்துவிடலாம். உங்கள் வேலைக்கு இது தேவையா என்றால், தேவையில்லை என்பேன். நீர் எங்கே போகிறது என்பதுதான் உங்கள் கேள்வி. அதற்குத் திசை ஒரு துணைச் சான்று மட்டுமே.

திண்டுக்கல்_மேப்பர்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். வடதிசை சார் 32644 என்றார். நான் திண்டுக்கல் நகரத்துத் தரவை 32643இல் வைத்திருக்கிறேன். நத்தம் பக்கம் போகும்போது 32644 வருகிறது. ஒரே சாலையின் திசைக்கோணத்தை இரண்டிலும் எடுத்தால் ஒரு டிகிரி வேறுபடுகிறது. எது சரி?

வடதிசை

இரண்டும் அதனதன் வடக்குக்குச் சரி. யூடிஎம் மண்டலம் 43 கிழக்கு நெடுங்கோடு 78இல் முடிகிறது, 44 அங்கே தொடங்குகிறது. அந்தக் கோடு உங்கள் ஊரை ஒட்டியே தமிழ்நாட்டை நடுவில் பிளக்கிறது. கோயம்புத்தூர், திருநெல்வேலி 43இல். மதுரை, சேலம், தூத்துக்குடி 44இல்.

யூடிஎம் கட்டத்தின் ‘மேலே’ என்பதும் உண்மை வடக்கும் மண்டலத்தின் நடுக்கோட்டில் மட்டுமே ஒன்றாக இருக்கும். நடுக்கோட்டிலிருந்து விலக விலகக் கோணம் விலகும். விலகல் ஏறத்தாழ, நெடுங்கோட்டு வேறுபாட்டை அகலாங்கின் சைனால் பெருக்கினால் கிடைக்கும். 78ஆம் கோட்டில், 43இன் நடுக்கோடான 75இலிருந்து மூன்று டிகிரி கிழக்கே நிற்கிறீர்கள். 44இன் நடுக்கோடான 81இலிருந்து மூன்று டிகிரி மேற்கே. அகலாங்கு 10இல் சைன் 0.174. எனவே ஒரு பக்கம் அரை டிகிரி கூடுதல், மறுபக்கம் அரை டிகிரி குறைவு. கூட்டினால் நீங்கள் கண்ட ஒரு டிகிரி.

எண்திசையில் ஒன்றைச் சொல்ல இது பொருட்டே இல்லை. எல்லைக்கல் தேடிப் போகிறவருக்குப் பெரிய பொருட்டு. அரை டிகிரி என்றால் ஒரு கிலோமீட்டருக்கு எட்டே முக்கால் மீட்டர் பக்கவாட்டில் தள்ளிப்போகும். உண்மை வடக்கிலிருந்து வேண்டுமானால் ஜியாகிரஃபி வகையில் வைத்து எஸ்டி_அசிமத் கேளுங்கள், கோளவுருவின் மேலேயே கணக்கிடும். விடை ரேடியனில் வரும், வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில். கைபேசித் திசைகாட்டி சென்சாரின் அடிப்படை காந்த வடக்கு. அது மூன்றாவது வடக்கு. சில செயலிகள் அதை உண்மை வடக்குக்குத் திருத்திக் காட்டும், சில காட்டாது. அமைப்புகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அகலாங்கு நெடுங்கோட்டை அப்படியே எக்ஸ், ஒய் என்று எடுத்துக் கோணம் போடுவது இன்னொரு பழக்கம். நம் ஊரில் அது பெரிதாக உறுத்தாது, சென்னையில் ஒரு டிகிரி நெடுங்கோடு சுமார் 108.5 கிலோமீட்டர், ஒரு டிகிரி அகலாங்கு சுமார் 110.6. அதே நிரலை டொரன்டோவில் இருக்கும் நண்பர் ஓட்டினால், உண்மையில் 36 டிகிரி இருக்க வேண்டியதை 45 என்று காட்டும். இங்கே சோதித்து ‘சரியாக வருகிறது’ என்று அனுப்புவதால் வரும் சிக்கல் இது. நிரல் எழுதும்போது, பைத்தானின் ஏடான்2 முதலில் ஒய் கேட்கும், பிறகு எக்ஸ். எக்செல் முதலில் எக்ஸ் கேட்கும். இரண்டுமே கிழக்கிலிருந்து எதிர்ச்சுற்றில் கோணம் தரும். 90இலிருந்து கழித்தால் திசைக்கோணம், எதிர்மறையாக வந்தால் 360 கூட்டுங்கள்.

கண்மாய்_வரைபடம்

கலுங்கு, கரை, வரத்துக்கால் மூன்றையும் தனித்தனி அடுக்காக வைத்துவிட்டோம். இப்போது இரண்டு கேள்வி.

கரைகள் பொதுவாக எந்தத் திசையில் ஓடுகின்றன என்று வட்டாரவாரியாகச் சராசரி எடுக்க நினைக்கிறோம். அப்புறம், ஒரு கண்மாயைக் கிளிக் செய்தால் அதற்கு மேலே இருக்கும் எல்லாக் கண்மாய்களும் ஒளிர வேண்டும். எப்படி?

ராஸ்டர்_ரசிகை

முதலாவதற்கு நான். கோணங்களைச் சாதாரணமாகக் கூட்டி வகுக்கக் கூடாது. 350க்கும் 10க்கும் சராசரி 180 என்று வரும், உண்மையில் அது நேர் வடக்கு. ஒவ்வொரு கோணத்துக்கும் சைன், கோசைன் எடுத்து, அவற்றைத் தனித்தனியே கூட்டி, அதிலிருந்து கோணத்தை மீட்டெடுக்க வேண்டும்.

கரைக்கு இன்னொரு படி உண்டு. கரைக்கு முன்பின் கிடையாது. வடக்கிலிருந்து தெற்காக வரைந்தாலும் தெற்கிலிருந்து வடக்காக வரைந்தாலும் அதே கரைதான். 10 டிகிரியும் 190 டிகிரியும் ஒன்று. இப்படிப்பட்ட அச்சுத் தரவுக்குக் கோணத்தை முதலில் இரட்டிப்பாக்கிச் சராசரி எடுத்து, கடைசியில் பாதியாக்க வேண்டும். 10, 170 என்று இரண்டு கரை இருந்தால், இரட்டித்தால் 20, 340. சராசரி 0, பாதியும் 0. அதாவது வடக்கு தெற்கு. படத்தில் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும். நேரடியாகச் சராசரி எடுத்திருந்தால் 90, கிழக்கு மேற்கு என்று வந்திருக்கும்.

நீளமான கரைக்கு அதிக எடை கொடுக்க மறவாதீர்கள். சராசரித் திசையனின் நீளத்தையும் அட்டவணையில் வையுங்கள். அது ஒன்றுக்கு அருகில் இருந்தால் கரைகள் எல்லாம் ஒரே போக்கு, பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால் அந்தச் சராசரிக்குப் பொருளே இல்லை.

வடதிசை

இரண்டாவதற்கு நான். ஒவ்வொரு வாய்க்கால் கோடும் நீர் ஓடும் திசையில் வரையப்பட்டிருக்க வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் நீர்வழிகளுக்கு இதே வழக்கம்தான், கோட்டின் தொடக்கம் மேலே, முடிவு கீழே. பிறகு கோட்டின் தொடக்கப்புள்ளி எந்தக் கலுங்குக்கு அருகில், முடிவுப்புள்ளி எந்தக் கண்மாய்க்கு அருகில் என்று எஸ்டி_டிவிதின் கொண்டு சேருங்கள். விடையை ‘எதிலிருந்து, எதற்கு’ என்று இரண்டு நிரல்கள் உள்ள அட்டவணையாக வையுங்கள். அந்த அட்டவணைதான் உங்கள் மொத்த வேலையின் பலன். அதன் பிறகு வடிவியல் தேவையே இல்லை. போஸ்ட்ஜிஐஎஸ் இயங்கும் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் வித் ரிகர்சிவ் வினவல், கொடுத்த கண்மாயில் தொடங்கி ‘எதிலிருந்து’ பக்கமாக ஏறிக்கொண்டே போய் மேலே உள்ளவை எல்லாவற்றையும் திரட்டித் தரும்.

ஒரே ஒரு வாய்க்கால் தலைகீழாக வரையப்பட்டிருந்தாலும் வட்டம் உருவாகி வினவல் முடிவில்லாமல் ஓடலாம். வெறும் கண்மாய் எண்ணை மட்டும் திரட்டினால் யூனியன் ஆல் என்பதற்குப் பதிலாக யூனியன் போடுங்கள், அது போதும். வழியையும் சேர்த்து வைக்கிறீர்கள் என்றால் போஸ்ட்கிரஸ் 14 முதல் இருக்கும் சைக்கிள் என்ற பகுதியைச் சேருங்கள். வட்டம் கிடைத்த இடங்களைத் தனியே பட்டியலிடுங்கள். வரைந்ததில் எங்கே தவறு என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

தலைகீழ்க் கோடுகளைக் கண்டுபிடிக்க இன்னொரு சோதனை: கண்மாயின் உள்பக்கத்திலிருந்து கரையின் நடுப்புள்ளிக்குத் திசைக்கோணம் எடுங்கள். அதற்கும் வாய்க்காலின் தொடக்கத்திலிருந்து முடிவு வரையிலான கோணத்துக்கும் வேறுபாடு 90 டிகிரிக்கு மேல் போனால் நிறுத்திப் பாருங்கள். எல்லாம் தவறாக இருக்காது, ஆனால் பார்க்க வேண்டியவை அவைதான். திசைப் பகுப்பாய்வை நான் நம்பும் இடம் இது. உறவை அது தீர்மானிக்கக் கூடாது, தீர்மானித்த உறவைச் சந்தேகிக்க உதவ வேண்டும்.

ஆயக்கட்டு

அட்டவணை என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ‘ஒரு கண்மாய்க்கு ஒரே கீழ்க் கண்மாய்’ என்று நிரல் அமைத்துவிடாதீர்கள். இரண்டு கலுங்கு உள்ள கண்மாய் இரண்டு தொடர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும். அதனால் ஒவ்வொரு இணைப்பும் ஒரு வரியாக இருக்கட்டும். எந்தக் கலுங்கு வழியாக என்றும் எழுதுங்கள். கலுங்கு மட்டங்கள் இரண்டும் ஒன்றாக இருக்காது, தாழ்ந்ததில்தான் முதலில் வழியும். மற்றக் கண்மாய்க்குப் பெருமழையில்தான் வரத்து. ஊரில் இதைக் கேட்டால் உடனே சொல்வார்கள், சண்டையே இதில்தான்.

மேலே இருந்து வருவதும் கண்மாயிலிருந்து மட்டும் இல்லை. மானாவாரிக் கண்மாய்க்கு மழைநீரும் மேல்கண்மாய் உபரியும்தான். வைகையை ஒட்டியவற்றுக்கு ஆற்றுத் தலைமதகிலிருந்து தனிக் கால்வாய் வரும். அது நிலச்சரிவுக்குக் குறுக்கே, மேட்டை ஒட்டியே போகும். கோணம் பார்த்தால் முற்றிலும் வேறு பக்கமாகத் தெரியும். வடதிசையின் 90 டிகிரிச் சோதனையில் இவை எல்லாம் சிக்கும். தவறு என்று நீக்கிவிடாதீர்கள் அம்மா. தலைமதகையும் ஒரு முனையாக அட்டவணையில் சேருங்கள். அந்தத் தொடரின் கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாய் நிற்கும், வைகை கடலுக்குப் போகும் முன்னால் சேரும் இடம்.

கண்மாய்_வரைபடம்

சரி ஐயா. இணைப்புக்கு ஒரு வரி என்று அமைப்பை மாற்றுகிறோம். எதிலிருந்து, எதற்கு, எந்தக் கலுங்கு அல்லது மதகு, கலுங்கு மட்டத்தில் முதலா இரண்டாவதா, படத்தில் பார்த்ததா ஊரில் கேட்டதா என்று ஐந்து நிரல்கள். கலுங்கு மட்டத்தை உயர மாதிரியிலிருந்து எடுக்கலாமா, அல்லது ஊரில் கேட்பதுதான் வழியா?

ராஸ்டர்_ரசிகை

உயர மாதிரியிலிருந்து எடுக்க வேண்டாம். இரண்டு கலுங்குக்கும் உள்ள வேறுபாடு ஓர் அடிகூட இருக்காது, அந்தத் தரவுக்கு அது எட்டாது. ஊரில் கேளுங்கள். முடிந்தால் வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிறையும் நாளில் போய் எது முதலில் வழிகிறது என்று பாருங்கள். மட்டக்குழாயும் அளவுகோலும் இருந்தால் கோடையிலேயே இரண்டு கலுங்குச் சுவரையும் ஒப்பிட்டு அளந்துவிடலாம்.